அறுந்த நரம்பு பொருந்துமா?

வட்டவடையின் அடுக்கு வயல்களில் விளையும் பூண்டுச் செடியொன்றைப் பிடுங்கிப் பாருங்கள். பல், வேர், தாள் என அதன் உறுப்புகள் வெவ்வேறானவை. ஆயினும் அவற்றின் செல்களில் இருப்பவை ஒரே மரபணுக்களே. எந்த மரபணு எங்கே, எப்போது செயற்பட வேண்டும், எப்போது அடங்கியிருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடே இவ்வேறுபாட்டை உண்டாக்குகிறது. இதனை மரபணு ஒழுங்காற்றல் என்பர்.

விலங்குகளின் நரம்புச் செல்லும் இக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே. தோலில் பட்ட வெட்டுக்காயம் சில நாள்களில் ஆறிவிடுகிறது. தண்டுவடத்தில் அறுந்த நரம்போ பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. மரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டோர் சிலர் நடையையே இழப்பது இதனால்தான்.

இதனை ஆராய அறிஞர்க்கு உதவுவது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழு. பெயர்தான் நீளம், புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டரே. உடல் கண்ணாடி போன்றது. நரம்புச் செல்கள் 302. அவற்றுள் மென்மையான தொடுதலை உணர்பவை ஆறு. வாலருகே மெல்லத் தொட்டால் புழு முன்னோக்கி நகரும்.

அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், அனிந்தியா கோஷ் ராய் குழுவினர் அவ்வால்பகுதி நரம்புச் செல்களின் நீண்ட இழைகளை லேசர் ஒளியால் அறுத்தனர். தொடு உணர்வு பெரிதும் மறைந்தது. பின்னர் இழைகள் வளர்ந்தன. ஆனால் வளர்ச்சி மட்டும் போதவில்லை. துண்டாகிப்போன மறுபகுதியோடு பொருந்திய இழைகளே உணர்வை மீட்டன. வயது ஏற ஏற அப்பொருத்தமும் அரிதாயிற்று.

குறுக்கே நின்றது லெட்-7 என்னும் நுண் ஆர்.என்.ஏ. நுண் ஆர்.என்.ஏக்கள் தாம் புரதம் ஆவதில்லை. பிற மரபணுக்களின் செய்தி புரதமாக மாறுவதைத் தடுக்கின்றன. இவ்வகையைக் கண்டறிந்தமைக்காக விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்குன் ஆகியோர் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் ஆராய்ந்ததும் இதே புழுவைத்தான்! லெட்-7 செயலிழந்த புழுக்களில், அறுந்த முனைகள் ஒன்றையொன்று அறிய உதவும் புரதத்திற்கான செய்தி மிகுந்தது. முனைகளை இணைக்கும் புரதம் வளரும் நுனியில் திரண்டது. முதிர்ந்த புழுக்களிலும் உணர்வு மீள்வது மிகுந்தது. இம்முடிவுகள் 2017-இல் வெளியாயின.

அதற்காக லெட்-7ஐப் பகையாகக் கருதலாகாது. புழு இளமை கடந்து முதிர்ச்சியடைய அது வேண்டும். மனிதரிடமும் லெட்-7 உண்டு. செல்கள் கட்டின்றிப் பெருகாமல் காப்பதில் அதற்குப் பங்குண்டு. உடல் முழுவதும் அதனை நீக்கினால் புற்றுநோய்க்கு வழி திறக்கக்கூடும். காயம்பட்ட செல்லில் மட்டும், வேண்டிய காலம் வரை மட்டும் அதனை அடக்குவது எங்ஙனம் என்பதே இப்போதுள்ள சிக்கல்.

சிந்தித்து எழுதுக: இழை மீண்டும் வளர்ந்த பின்னும் சில புழுக்களுக்குத் தொடு உணர்வு திரும்பாதது ஏன்?