நாங்குநேரியின் வானம்

பிற நாடுகளில் உருவான வானியல் படங்களில் துருவ விண்மீன் உயரத்தில் ஒளிர்வதைக் காணலாம். இலண்டனில் அது தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 51 பாகை உயரத்தில் நிற்பது உண்மையே. திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியிலோ அதன் உயரம் ஏறத்தாழ எட்டரைப் பாகைதான். நூறு மீட்டர் தொலைவில் நிற்கும் பனைமரமே அதனை மறைத்துவிடும். ஓர் ஊரின் அட்சரேகை அளவே அவ்வூரில் துருவ விண்மீனின் உயரமாக அமைகிறது.

இவ்வேறுபாட்டை மாணவர் தாமே கண்டறிய உதவுவது ஸ்டெல்லேரியம் என்னும் கட்டற்ற மென்பொருள். பிரான்சு நாட்டவரான ஃபாபியன் செரோ இதனைத் தொடங்கிவைத்தார். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இன்றியும் இயங்கும். இதில் நாங்குநேரியின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை உள்ளிட்டு, மாசி மாதத் தொடக்கத்தின் இரவு ஒன்பது மணியைக் குறித்தால், தென்திசையில் அகத்திய விண்மீன் ஏறத்தாழ 29 பாகை உயரத்தில் தோன்றும். டெல்லியில் அது ஒன்பது பாகை அளவே எழும். இலண்டனில் எழுவதே இல்லை. பொதிகை முனிவரின் பெயர் தாங்கிய அவ்விண்மீனைத் திரையில் கண்ட பின், வாசலில் நின்று சரிபார்க்கும் வாய்ப்பு இப்பகுதி மாணவருக்கு உண்டு.

கட்டற்றது என்பது விலையற்றது என்பதன் மறுபெயரன்று. விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள் பல தம் மூலநிரலை மறைத்தே வைத்துள்ளன. பயன்படுத்தவும், ஆராயவும், பகிரவும், மாற்றியமைக்கவும் உரிமை தருவதே கட்டற்ற மென்பொருள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டம் இக்கருத்துக்கு வித்திட்டது. எனவே பள்ளியொன்று ஸ்டெல்லேரியத்தைப் படியெடுத்து மாணவர் அனைவருக்கும் வழங்கலாம். பீட்டல்கியூஸ் என்றிருக்கும் இடத்தில் திருவாதிரை என எழுதலாம். அதற்கு எவரிடமும் தனியே இசைவு பெற வேண்டியதில்லை.