கரப்பானும் குழந்தை உணவும்

மும்பை தாராவியின் ஒரு பகுதியான மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோர் பலர். தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம் ஒன்றுண்டு. குழந்தையின் தோலில் அரிப்பும் தடிப்பும் கண்டவுடன் கத்தரிக்காய், கருவாடு, மீன், கம்பு, சோளம் முதலிய 'கரப்பான் பண்டங்களை' விலக்கிவிடுவர். சில வேளைகளில் பாலும் முட்டையும்கூட இப்பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. இவ்விலக்கு நோயைத் தணிக்கின்றதா, குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கின்றதா என்பது ஆராயத்தக்கது.

நோயின் தன்மை

கரப்பான் எனப்படும் எக்சிமா பெரும்பாலும் உணவினால் தோன்றுவதன்று. பரம்பரைக் கூறுகளால் தோலின் காப்புத்திறன் குன்றுவதே இதன் அடிப்படை. ஈரப்பசை வெளியேறித் தோல் வறள்கிறது, அரிப்பு மிகுகிறது. வியர்வை, கடுஞ்சோப்பு, தூசி ஆகியன இதனைப் பெருக்குகின்றன. மேலும், நெருக்கமான குடியிருப்புகளில் எளிதில் பரவும் சொறிசிரங்கு கரப்பான்போல் தோன்றக்கூடும். சிரங்குக்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒருசேர மருந்திட வேண்டும். பத்தியத்தால் அது தீராது.

ஆய்வு காட்டுவது

கரப்பானுக்கான உணவு விலக்கு பற்றி 421 பேர் பங்கேற்ற 9 ஆய்வுகள் 2008ஆம் ஆண்டில் தொகுத்து மதிப்பிடப்பட்டன. ஒவ்வாமை உறுதிப்படாத குழந்தைகளுக்குப் பால், முட்டை ஆகியவற்றை நீக்குவதால் பயன் உண்டென்பதற்குப் போதிய சான்று கிட்டவில்லை. முட்டை ஒவ்வாமைக்கான அறிகுறி சோதனையில் தெரிந்த கைக்குழந்தைகளுக்கு மட்டும் அதனை விலக்குதல் பயன் தரலாம் எனத் தெரிந்தது. 2015இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று மற்றோர் உண்மையை உணர்த்திற்று. கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். நிலக்கடலையைச் சிறுவயதிலேயே உண்டு வந்தோரிடம், அதனைத் தவிர்த்தோரைவிடக் கடலை ஒவ்வாமை மிகக் குறைவாகவே காணப்பட்டது.

செய்ய வேண்டுவன

குறிப்பிட்ட உணவை உண்ட இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்பு, வாந்தி, உதட்டு வீக்கம் ஆகியவை தோன்றினால் அவ்வுணவை நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும். மூச்சுத்திணறல் கண்டால் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். ஐயமுள்ள உணவொன்றை மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் விலக்கி, மீண்டும் கொடுத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். இரத்தச் சோதனை மட்டும் போதாது. ஏனைய குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே அளித்து, பின்னர்ப் பருப்பு, முட்டை, மீன், கீரை முதலியவற்றைத் தயக்கமின்றித் தரலாம். நிலக்கடலையை முழுதாகத் தராமல் மைய அரைத்தே தரவேண்டும். கடுங்கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே அதனைத் தொடங்கவேண்டும். நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, ஈரம் உலருமுன் வாஸலின் போன்ற களிம்பைப் பூசுவதும், மருத்துவர் தந்த மருந்தை முறையாக இடுவதும் சிகிச்சையின் முதற்படியாகும்.

அங்கன்வாடியின் பங்கு

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் குழந்தைகளின் எடையைப் பதிவு செய்கின்றன. கரப்பானுள்ள குழந்தையின் எடை கூடாதிருப்பின், வீட்டில் எவ்வுணவு விலக்கப்பட்டுள்ளது என்று பணியாளர் வினவுதல் நலம். பால் நிறுத்தப்பட்ட இல்லத்தில் அதற்கு ஈடான உணவு வாங்கும் வசதி பெரும்பாலும் இராது. தோலைக் காக்கும் முயற்சியில் குழந்தையின் வளர்ச்சி பலியாகாதிருக்க, உறுதிப்பட்ட ஒவ்வாமைக்கு மட்டுமே உணவு விலக்கு என்பதே நெறியாதல் வேண்டும்.