தோப்பை வெட்டாமல் ஒரு விடுதி

சிவில் படிக்கிறவனுக்குச் சுற்றுலாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது.

போன லீவில் பொள்ளாச்சிப் பக்கம் மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். "தேங்காய் விலை கட்டுபடியாகல மாப்ள. ஒரு ஏக்கர் தோப்பை எடுத்துட்டு நாலு காட்டேஜ் கட்டலாம்னு இருக்கேன். பிளான் நீ போட்டுக் குடு" என்றார். முதல் பிளான் அல்லவா! ராத்திரியே டிராயிங் ஷீட்டை விரித்துவிட்டேன். அப்புறம்தான், பண்ணைச் சுற்றுலாவுக்குச் சட்டம் போட்ட நாடு ஏதாவது உண்டா என்று தேடிப் படித்தேன். இத்தாலி கிடைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே கிராமத்து ஜனங்கள் தொழிற்சாலை வேலை தேடி மிலான், டூரின் என்று கிளம்பிவிட்டார்கள். டஸ்கனி மலைச்சரிவுகளில் கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. (நம்ம ஊர்க் கதை மாதிரி இல்லை?) மிச்சமிருந்த விவசாயிக்கு இன்னொரு வருமானம் வேண்டும் என்று 1985-ல் 730-ம் எண் சட்டம் வந்தது. விவசாயி தன் பண்ணையில் விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம். ஆனால் விவசாயமே முதல் தொழிலாக நீடிக்க வேண்டும். அதற்குப் பதிலாக 2006-ல் வந்த 96-ம் எண் சட்டமும் இந்தப் பிடியை விடவில்லை.

எது முதல் தொழில் என்று எப்படி அளப்பது? முக்கியமாக, வேலை நேரத்தை வைத்து. விருந்தாளிகள் பத்துப் பேருக்கு மேல் போகாவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை. சாப்பாட்டில் சொந்த விளைச்சலும் அக்கம்பக்கத்துப் பண்ணைப் பொருளும் இருக்க வேண்டும். சலுகையும் உண்டு: விருந்தாளி மூலம் வரும் வரவில் 25 சதவீதத்தை மட்டும் லாபமாகக் கணக்கிட 1991 வரிச் சட்டம் வழிசெய்தது.

நம் பிரிவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது கட்டட விஷயம். பண்ணையில் ஏற்கெனவே நிற்கிற கட்டடங்களை விடுதியாக்குவதைப் பற்றித்தான் 2006 சட்டம் பேசுகிறது. தொழுவமோ வைக்கோல் கொட்டகையோ, எதுவானாலும் சுவர் தாங்குமா, ஓதம் ஏறுகிறதா, கக்கூஸ் தண்ணீரை எங்கே விடுவது என்று பார்க்க வேண்டும். புதுசாகக் கட்டுவதைவிட இது கஷ்டமான வேலை என்பேன்.

எந்த மாநிலம் பண்ணைச் சுற்றுலாவுக்குக் கொள்கை வகுத்தாலும் இந்த வரம்பு முதல் பக்கத்திலேயே வர வேண்டும் என்பது என் கட்சி. இல்லாவிட்டால் விவசாயி பேரைச் சொல்லி ரிசார்ட்காரர் மானியம் வாங்கிப் போவார்.

"ஏனுங்க மாமா, தோப்பை எடுத்துட்டா எதைப் பார்க்க வருவாங்க? அந்தப் பழைய கொப்பரைக் கொட்டகை சும்மாதானுங்களே கிடக்குது?" என்று கேட்டேன். மாமா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் பிளான் போச்சே என்றிருந்தது.

போன வாரம் போன் வந்தது. "மாப்ள, கொட்டகையை அளந்துட்டேன். 36-க்கு 18 அடி. வடக்குச் சுவர்ல விரிசல் இருக்குது, வந்து பாரு."