முதலில் போவது ரப்பர்

சுங்கை காடுட்டில் பழைய காடி வாங்குவது பெரும்பாலும் ஆசைக்காக இல்லை. துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, பிள்ளைக்குச் சிரம்பானில் டியூஷன், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் நடுராத்திரி வேலை முடிந்து வருகிறவருக்கு அதனால் பயனில்லை. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்த எத்தனையோ குடும்பங்களில் வாசலில் நின்ற முதல் காடி புரோட்டோன்தான். 1985 ஜூலையில் சாகா, 1993இல் வீரா, 2000இல் வாஜா, 2007இல் பெர்சோனா என்று வரிசையாக வந்தன. வீராவின் உற்பத்தி 2009இல் நின்றது. ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. இந்த வயதுக் காடிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம் என்பதால் ரொக்கம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்த ரொக்கத்தை எடுத்துக் கொடுக்க வைப்பது பெரும்பாலும் வாய்வழிக் கதைகள்.

“ஒரு பெரியவர் வச்சிருந்த காடி, எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு.” விற்கிறவர் வாயில் முதலில் வருவது இது. மீட்டரைக் குறைத்து வைக்கும் பித்தலாட்டத்தை விடுங்கள். எண் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது பாதிச் செய்திதான். இரும்பு ஓடினால் தேயும். ரப்பர் சும்மா நின்றாலும் கெடும். எஞ்சின் சூடும் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து அதை இறுக்கி வெடிக்க வைக்கும். வால்வு கவர் கேஸ்கெட், கிராங்க் சீல், ரேடியேட்டர் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட் பூட், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் இந்தக் கணக்கில் வருகின்றன. இருபது வயதுக் காடியில் எண்பதாயிரம் கிலோமீட்டர் என்றால், எஞ்சினுக்குள் இருக்கும் உலோகம் இளமையாக இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள ரப்பருக்கு இருபது வயதுதான்.

பால்மரம் சீவிப் பிழைத்த வட்டாரத்துக்கு ரப்பரைப் பற்றிப் பாடம் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கில் இருப்பது பெரும்பாலும் மரத்திலிருந்து எடுத்த இயற்கை ரப்பர். அதிர்வை அடக்குவதில் அதற்கு ஈடு குறைவு. எண்ணெய் பட்டால் மட்டும் தாங்காது, ஊதிப்போய்க் குழைந்துவிடும். அதனால்தான் எண்ணெயோடு பழகும் சீல்களைச் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். வால்வு கவர் கேஸ்கெட் இறுகி, எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கீழே வடிந்து மவுண்டிங்கை நனைக்கும். சில மாதங்களில் கியர் போட்டதும் ‘டொம்’ என்று ஒரு சத்தம், சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் நடுக்கம். உடனே, “கியர்பாக்ஸ் போச்சு” என்று யாராவது சொல்வார்கள். கியர்பாக்ஸைத் தொடுவதற்கு முன் மவுண்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று சில நூறு வெள்ளியில் முடியும், மற்றது ஆயிரக்கணக்கில் இழுக்கும். எண்ணெய்க் கசிவை நிறுத்தாமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றினால் அதுவும் இதே வழியில் போகும்.

டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். வீராவின் 4ஜி13, 4ஜி15 எஞ்சின்களிலும், 2004இல் ஜென்-2வோடு வந்து பிறகு பெர்சோனாவிலும் ஓடிய கேம்ப்ரோ எஞ்சினிலும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது பெல்ட்தான், சங்கிலி அல்ல. “சத்தம் வந்தா மாத்திக்கலாம்” என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். பெல்ட் பெரும்பாலும் முன்கூட்டிச் சத்தம் போடாது, ஒரு நாள் அறுந்துவிடும். கேம்ப்ரோவில் அப்படி அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளையும். பெல்ட், டென்ஷனர், முன்பக்க ஆயில் சீல்களை ஒன்றாக மாற்றினால் சாதாரணப் பட்டறையில் சில நூறு வெள்ளி. அறுந்த பிறகு ஹெட்டைக் கழற்றினால் ஆயிரத்தைத் தாண்டும், டோ பண்ணும் செலவு தனி. முந்திய சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

அடுத்த கதையில்தான் அதிகப் பணம் வீணாகிறது. கேம்ப்ரோ காடி வைத்திருப்பவர் காலையில் பொனெட்டைத் திறந்து ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவைப் பார்க்கிறார். உள்ளே தே தாரே நிறத்தில் கொழகொழவென்று ஏதோ மிதக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் கலந்துவிட்டது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, டாப் ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று பட்டறையிலும் சொல்கிறார்கள், மாமாவும் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார். அப்படியும் இருக்கலாம். ஆனால் இந்த எஞ்சினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயில் கூலரை. எஞ்சின் எண்ணெயைக் கூலண்ட்டால் ஆற்றும் சின்னப் பாகம் அது. எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்து வைப்பது அதிலுள்ள ரப்பர் வளையம். அது இறுகிவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

எந்தப் பக்கம் கலக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிட அதிகம். ஆகவே கூலர் சீல் போனால் எண்ணெய்தான் தண்ணீர்ப் பக்கம் பாயும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஹெட் கேஸ்கெட் போன எஞ்சினில் ரேடியேட்டரில் விடாமல் குமிழி கிளம்பும், தண்ணீர் காரணம் தெரியாமல் குறையும், சைலன்சரில் வெள்ளைப் புகை தொடரும். இதை உறுதிப்படுத்த ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனை உண்டு. எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். அந்தச் சோதனையும் கம்ப்ரஷன் சோதனையும் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்கிறவரிடம், “எதை வச்சு சொல்றீங்க அண்ணே?” என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கூலரை மாற்றியதும் வேலை முடிந்தது என்பதும் தப்பு. தண்ணீர்ப் பாதையில் தங்கிய எண்ணெய் ரேடியேட்டர் ஹோஸ்களை ஊதச் செய்யும். ஹோஸ் செய்யும் ரப்பர் சூட்டுத் தண்ணீரைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. பல தடவை கழுவி, ஊதிய ஹோஸ்களையும் மாற்றிவிட வேண்டும். இன்னொன்று: எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்தால் பயப்படத் தேவையில்லை. தினமும் கடைக்கும் ஸ்டேஷனுக்கும் மட்டும் போய்வரும் காடியில் எஞ்சின் முழுதாகச் சூடாகாமல் ஈரம் அப்படிப் படியும்.

“நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு? பைப் தண்ணி போதும்.” உறையாமல் காப்பது கூலண்ட்டின் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமல் வைப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் வெப்ப நாட்டுக்கு அதைவிட முக்கியம். வெறும் பைப் தண்ணீர் அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் உள்ளிருந்து அரிக்கும். இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், சூடேறும் காடியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. முள் கீழே இறங்கும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வர நேரமாகும். அதுவரை கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றிக்கொண்டே இருக்கும், தேய்மானமும் கூடும். சூட்டுக்கு உண்மைக் காரணம் அடைத்த ரேடியேட்டரோ, சுற்றாத விசிறியோ, அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடியோ இருக்கும். மூடிக்குள்ளும் ஒரு ரப்பர் வளையம் உண்டு.

ரோன்97 பெட்ரோல் ஊற்றினால் பழைய எஞ்சினுக்குத் தெம்பு வரும் என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அந்த எண் நாக்கிங் ஆகாமல் தாங்கும் அளவைச் சொல்கிறது, சக்தியை அல்ல. வீராவுக்கும் பெர்சோனாவுக்கும் ரோன்95 போதும். 2025 செப்டம்பர் கடைசியில் புடி95 மானியத் திட்டத்தில் மைகார்ட் காட்டினால் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் என்று ஆன பிறகு, அந்த வித்தியாசப் பணத்தைச் சேர்த்து வைத்தால் பெல்ட் செலவுக்கு ஆகும்.

ஆட்டோ கியர் எண்ணெய் விஷயத்தில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. “பழைய காடியில் மாத்தாதே, மாத்தினா கியர் செத்துரும்” என்பார்கள். கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து, கியர் வழுக்கத் தொடங்கிய பெட்டியில் புது எண்ணெய் ஒன்றும் செய்யாது. அடுத்த வாரம் அது நின்றுபோனால் பழி எண்ணெய் மேல் விழும். இன்னும் ஒழுங்காக மாறும் கியர் என்றால் வடித்து நிரப்புவது நல்லதே. வீரா, வாஜாவின் ஆட்டோ கியர்கள் பெரும்பாலும் மிட்சுபிஷி வழி வந்தவை, அவற்றுக்கென்று எண்ணெய் வகை உண்டு. சாகா எஃப்எல்எக்ஸின் சிவிடிக்கு முற்றிலும் வேறு எண்ணெய். கடையில் இருக்கும் ஏதோ சிவப்பு எண்ணெயை ஊற்றினால்தான் அந்தப் பழைய பயம் பலிக்கும்.

புரோட்டோன் பவர் விண்டோ கதை கதையே இல்லை, உண்மை. இருந்தாலும் எல்லா முறையும் மோட்டார் குற்றவாளி அல்ல. கண்ணாடி ஏறி இறங்கும் ஓரத்து ரப்பர் காய்ந்து கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும். மோட்டாரும் ரெகுலேட்டரின் பிளாஸ்டிக்கும் அதோடு மல்லுக்கட்டித் தோற்கும். மெதுவாக ஏறத் தொடங்கும்போதே சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் பல சமயம் தப்பலாம்.

“புஸ்பாகோம் பாஸ் பண்ணிட்டுது, அப்புறம் என்ன?” வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமின் பெயர் மாற்றச் சோதனையில் எஞ்சின் நம்பரும் சாஸி நம்பரும் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதோ, கியர் இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று சொல்வதோ அதன் வேலை அல்ல. சொந்த உபயோகக் காடிக்கு நம் நாட்டில் வருஷாந்தரச் சோதனை கட்டாயமில்லை என்பதால், முந்திய பத்து வருஷத்தில் அதன் அடிவயிற்றை யாருமே பார்க்காமல் இருந்திருக்கலாம். வாங்குவதற்கு முன் நமக்குத் தெரிந்த பட்டறையில் தூக்கிப் பார்க்கக் கொடுக்கும் சிறு தொகையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எஞ்சின் போனால் ஹாஃப்-கட் கடையில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பது கடைசி ஆறுதல். வீராவுக்குப் பாகம் கிடைப்பது சுலபம்தான். ஆனால் அந்தக் கடையில் கிடைக்கும் எஞ்சினிலும் அதே வயதுச் சீல்கள் இருக்கும். போடுவதற்கு முன்பே பெல்ட்டையும் வெளிச் சீல்களையும் மாற்றிவிட்டால் கூலி மிச்சம். எஞ்சின் நம்பர் மாறுவதால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயிலும் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் பிறகு விற்கும்போது அதே பெயர் மாற்றச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

டயரை எல்லோரும் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளோடு வரும் தொடரின் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வயதான டயரோடு சிரம்பான் நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. டிக்கியிலுள்ள ஸ்பேர் டயரின் எண்ணையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.