ரேஞ்சர் வேடத்துக்கு முதலில் மேலங்கி

2001இல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் முதல் படம் வந்ததிலிருந்து, ரேஞ்சர் என்றாலே பலருக்கும் அரகோர்ன்தான் கண்முன் வருகிறார். காட்டிலும் மேட்டிலும் அலைந்து திரிகிறவர். மழையில் நனைந்து, தூசி படிந்து, தைத்துத் தைத்துப் போட்ட உடை. அந்தப் பழமைதான் இந்த வேடத்தின் உயிர். கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் இல்லை என்பேன். ராஜா வேடத்தில் மலிவுத் துணி பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இதில் அது பொருந்திப்போகும்.

சென்னையில் 2024 பிப்ரவரியில் காமிக் கான் நடந்த பிறகு, இப்படி வேடம் போட ஆசைப்படும் பிள்ளைகள் நம் ஊரிலும் பெருகிவிட்டார்கள். மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதியை மேலங்கிக்கு ஒதுக்குங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

மேலங்கிக்கு மூன்று வழிகள் உண்டு. பழைய போர்வையை வெட்டுவது, பாலியஸ்டர் சூட்டிங் துணி வாங்குவது, கனமான காடாத் துணி வாங்கிச் சாயம் போடுவது. போர்வைக்குச் செலவே இல்லை, கனமாக அழகாக விழும். ஆனால் 60க்கு 90 அங்குலம் உள்ள ஒற்றைப் போர்வையில் அரைவட்டம் வெட்டினால், நடுத்தர உயரமுள்ளவருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் வரும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ போடலாம், சென்னையில் வேர்த்து ஊற்றிவிடும். பாலியஸ்டர் சுருங்காது, சாயம் போகாது. ஆனால் வெளிச்சத்தில் மினுக்கும், வீட்டுச் சாயமும் அதில் ஏறாது. என் தேர்வு காடா.

அதையும் அரைவட்டமாக வெட்டுங்கள். முழுவட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு துணி வேண்டும். அடிமடிப்பு மட்டும் எட்டரை மீட்டருக்கு மேல் போகும். அரைவட்டத்தில் அது நாலரை மீட்டர்தான். 58 அங்குலப் பன்னாவில் மூன்றரை மீட்டர் வாங்கி, முதலில் வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயவையுங்கள். கஞ்சி போகும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். பிறகு துணியின் ஒரு கரையில் நடுப்புள்ளியைக் குறித்து, அங்கிருந்து 15 செ.மீ. ஆரத்தில் கழுத்தையும், அகலம் இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரிய ஆரத்தில் அடி ஓரத்தையும் வரையுங்கள். நூலின் முனையில் சாக்பீஸ் கட்டினால் போதும். மிஞ்சும் அரை மீட்டரில் ஹூட் வந்துவிடும். வெட்டியதும் மடித்துத் தைத்துவிடாதீர்கள். குறுக்குவாட்டில் விழும் பகுதி கனத்தில் இழுபட்டு நீளும். ஒரு நாள் தொங்கவிட்டு, அடியைச் சமன் செய்த பிறகு மடியுங்கள்.

சாயத்துக்கு நாட்டுமருந்துக் கடைக் கடுக்காய்ப் பொடியே போதும். கஷாயமாகக் கொதிக்க வைத்து, துணியை இரவு முழுக்க ஊறப்போட்டால் மங்கிய மஞ்சள் ஏறும். பிறகு அன்னபேதி ஒரு சிட்டிகை கரைத்த தண்ணீரில் முக்குங்கள். மஞ்சள் கண்ணெதிரே கறுத்து, பாசி படிந்த சாம்பல் பச்சைக்குப் போகும். வேண்டிய நிறம் வந்ததும் எடுத்து நன்றாக அலசிவிடுங்கள். அன்னபேதி கூடினால் கறுப்பாகிவிடும், பருத்தி இழையும் நாளடைவில் இற்றுப்போகும். முதலில் ஒரு துண்டுத் துணியில் செய்து பாருங்கள். சமையல் பாத்திரம் இதற்கு வேண்டாம், கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். திட்டுத் திட்டாக ஏறினால் கவலை வேண்டாம், இந்த வேடத்துக்கு அதுதான் அழகு.

உள்சட்டையைப் புதிதாகத் தைப்பதைவிட வீட்டில் கிடக்கும் பழைய ஜிப்பாவே மேல். காலரை எடுத்துவிட்டு, பட்டன் பட்டிக்குப் பதில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்தால் ஆயிற்று. பேன்ட் கறுப்போ பழுப்போ எதுவானாலும் சரி.

தோல் போலத் தெரிய வேண்டிய இடங்களில்தான் பலர் ரெக்ஸினுக்குப் போகிறார்கள். பெல்ட், முன்கைப் பட்டை, தோள்பை ஆகியவற்றுக்குச் சரி. உடம்பு முழுக்க மூடும் மேற்சட்டைக்கு வேண்டாம். காற்றே புகாது. அதற்குக் கான்வாஸ் துணியில் பழுப்பு அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்துத் தேய்த்தாலே தோல் சாயல் வந்துவிடும். ரெக்ஸின் தைக்கும்போது குண்டூசி குத்தாதீர்கள், ஓட்டை மறையாது. துணிக் கிளிப் போடுங்கள். 16 அல்லது 18ஆம் எண் ஊசி, நீளமான தையல். நெருக்கித் தைத்தால் தபால்தலை போலக் கிழிந்து வரும். மெஷின் பாதம் ஒட்டிக்கொண்டால் மேலே மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டு உரித்துவிடலாம்.

மேலங்கியைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டினால் கனம் முழுதும் தொண்டையை அழுத்தும். உட்பக்கத்தில் இரண்டு நாடா தைத்து, மார்பில் குறுக்காக இழுத்து முதுகில் கட்டுங்கள். கனம் தோளுக்குப் போய்விடும்.

கடைசியாக, புதுக்கருக்கைப் போக்கும் வேலை. முழங்கை, பை வாய், அடி ஓரங்களில் உப்புத்தாள் தேயுங்கள். அடியில் கெட்டி டீத்தண்ணீர் தெளியுங்கள். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது, உடை பத்து வருஷம் பழையதாகிவிடும்.

கையில் பணம் இன்னும் குறைவா? மேற்சட்டையையும் முன்கைப் பட்டையையும் விட்டுவிடுங்கள். காடா மேலங்கியை மட்டும் விடாதீர்கள்.