முதுமையும் நடைப்பயிற்சியும்

வயது ஏற ஏற வலிமை குன்றுவது இயற்கை. ஆயினும் அக்குறைவில் வயதின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966-ஆம் ஆண்டில், 20 வயதுடைய ஐந்து இளைஞர்களை மருத்துவர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருத்திச் சோதித்தனர். எழுந்தபோது அவர்களின் உழைக்கும் ஆற்றல் பெரிதும் தளர்ந்திருந்தது. 1996-இல் அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, 30 ஆண்டு மூப்பால் நேர்ந்த தளர்ச்சி, அன்று மூன்று வாரப் படுக்கையால் நேர்ந்ததைவிடக் குறைவாகவே காணப்பட்டது! பின்னர் அவர்கள் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் கூட்டிப் பயின்றனர். இழந்த ஆற்றல் திரும்பிற்று. தசைகள் இரத்தத்திலிருந்து பிராணவாயுவை முன்னிலும் நன்றாக ஈர்த்துக்கொள்ளப் பழகியதே இதற்கு முதற்காரணம். ஐவர் என்பது சிறு தொகைதான். ஆயினும் ஒரே மனிதரை இரு பருவங்களில் அளந்தமையால் இச்சோதனை மதிக்கத்தக்கது.

ஏரும் ஏற்றமும் இருந்த காலத்தில் இப்பயிற்சி வயலிலேயே கிடைத்தது. இன்று டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டன. நிலத்தை மகனிடம் ஒப்படைத்த பெரியவரைத் திண்ணையில் அமர்த்துவதையே நாம் மரியாதை என்று கருதுகிறோம். அது சரியன்று. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவின்படி, வாரத்திற்கு 150 நிமிடமாவது சற்று மூச்சு வாங்கும் வேகத்தில் நடத்தல் வேண்டும். நெஞ்சுவலி உடையோர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் வேலையுண்டு. ஏரிக்கரைப் பாதையில் முள்ளை வெட்டி, குழிகளை நிரவி, விடியும்வரை விளக்கெரியச் செய்தால், முதியோர் தடுக்கி விழும் அச்சமின்றி நடப்பர்.