நிரல் எழுதப் பழகும் நாகூர்ப் பிள்ளைகளுக்கு

தர்கா கந்தூரிக்கு வருகிறவர்கள் அறை பதிய ஒரு செயலி, கடைத்தெருவுக்கு ஓர் இணையதளம் என்று நீங்கள் இறங்கிவிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் வெளியில் கிடைக்கிற நிரல் துணுக்குகள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரையும் ஆங்கிலத் தேதியையும் மனத்தில் வைத்து எழுதியவை. நம் ஊர்ப் பெயர் உள்ளே போனதும் இடறும். உங்களுக்கென்று ஒரு குறிப்பேடு வேண்டும். என்னுடையதிலிருந்து சில.

1. ‘நாகூர்’ நமக்கு 3 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் கேட்டால் 6 வரும். காலையும் சுழியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. கோட்லினும் டார்ட்டும் அப்படியே. ஸ்விஃப்ட் மட்டும் 3 என்று சரியாகச் சொல்லும். பெயருக்கு 10 என்று வரம்பு வைத்தால் ஷாகுல் ஹமீது உள்ளே வர முடியாது, அவர் கணக்கு 12. ஐந்தோடு வெட்டினால் புள்ளி போய் ‘ஷாகுல’ ஆகிவிடுவார். ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர், ஃபிளட்டரில் கேரக்டர்ஸ் தொகுப்பு இரண்டும் எழுத்தை எழுத்தாக எண்ணும்.

2. எந்தத் துணுக்கின் தலையிலும் தேதி போடுங்கள். மேலே சொன்ன செக்மென்டர் ஃபயர்பாக்ஸுக்கு வந்ததே 2024 ஏப்ரலில், 125ஆம் பதிப்பில்தான். அதற்கு முன் எழுதிய குறிப்பு ‘ஃபயர்பாக்ஸில் ஓடாது’ என்று சொல்லும். தேதி இல்லாவிட்டால் இன்றும் அதை நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

3. ரெஜெக்ஸில் எழுத்து வகையை மட்டும் கேட்டால் நாகூர் ‘நகர’ என்று கழன்று வரும். குறி வகையையும் சேர்த்துக் கேளுங்கள்.

4. ‘கொ’வை இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம், மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் சிக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்துவிடுங்கள். ஆனால் ரஹ்மான், றஹ்மான், ரகுமான் என்று ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவது நம் ஊர் வழக்கம். அதற்கு எந்த நார்மலைஸும் உதவாது. மரைக்காயர், மரக்காயர் எல்லாம் சேர்த்து ஓர் அட்டவணை நீங்களே எழுத வேண்டும். சலிப்பான வேலைதான். இந்த ஊரைத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

5. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைக்காதீர்கள். வாப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கிற ஊர் இது. ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் போதும்.

6. கந்தூரி ஜமாதுல் ஆகிர் முதல் பிறையில் கொடியேறித் தொடங்கும். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள் என்பதால், ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகரும். பிரவுசரின் இஸ்லாமிய நாட்காட்டி கணக்குப் போட்டுத் தேதி தரும். பிறை பார்த்துச் சொல்வது வேறு. ஒரு நாள் பிசகினாலும் அறை பதிந்தவர் வாசலில் நிற்பார். ஆகவே நாளைக் கையால் ஒன்று கூட்டவோ குறைக்கவோ அமைப்புப் பக்கத்தில் ஒரு பொத்தான் வையுங்கள்.

7. தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒன்றுக்கு 70 இடம்தான், ஆங்கிலத்துக்கு 160. புள்ளியும் காலும் இங்கேயும் இடம் பிடிக்கும். நீட்டி எழுதினால் கடைக்காரருக்குச் செலவு.

8. அதிராம்பட்டினத்துக்காரர் உமர் தம்பியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருங்குறித் தமிழ் திரையில் ஒழுங்காகத் தெரியாத காலத்தில் தேனீ எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர், 2006இல் மறைந்தார். இந்தக் கரையோரத்து ஆள்தான். உங்கள் பெயர் அட்டவணையையும் அதேபோல் எல்லோருக்கும் திறந்து வையுங்கள்.

9. திறந்து வைக்குமுன் ஏபிஐ சாவியும் கடவுச்சொல்லும் துணுக்குக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை வெளியே போய்விட்டால் அழித்துப் பயனில்லை, கிட் பழைய பதிப்பையும் வைத்திருக்கும். சாவியையே மாற்றிவிடுங்கள், அன்றைக்கே.